சதுரங்களுக்குள் ஒரு தராசு: பீட் மோன்ட்ரியானின் கோடுகளும் சமநிலையும்

2022 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரே ஓவியரைப் பற்றி இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. முதல் செய்தி அக்டோபரில், ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரிலிருந்து. அங்குள்ள அருங்காட்சியகத்தில் 1980 முதல் இருந்துவரும் ஓர் ஓவியம் இத்தனை காலமும் தலைகீழாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்று அருங்காட்சியகத்தின் கலை வரலாற்றாளர் ஒருவர் அறிவித்தார். இரண்டாவது செய்தி நவம்பரில், நியூயார்க்கிலிருந்து. அதே ஓவியர் 1930ல் வரைந்த, ஏறக்குறைய அரை மீட்டர் நீள அகலமே உள்ள இன்னொரு ஓவியம் சோத்பீஸ் ஏலத்தில் சுமார் 5.1 கோடி டாலருக்கு விலை போனது.

அந்த ஓவியர் பீட் மோன்ட்ரியான். வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோடுகள், சிவப்பு நீலம் மஞ்சள் கட்டங்கள் என்றால் உங்களுக்கு உடனே நினைவுக்கு வரும். பெயர் தெரியாவிட்டாலும் துணியிலோ, காபிக் கோப்பையிலோ, ஏதாவது விளம்பரத்திலோ அந்தக் கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது நியாயமே. தலைகீழாக மாட்டினாலும் யாருக்கும் தெரியாத ஒன்றில் என்ன சமநிலை, என்ன இசைவு இருக்கிறது? 'இதை என் தம்பியும் ஸ்கேல் வைத்துப் போட்டுவிடுவானே' என்று கேட்பவருக்கு என்ன பதில்? அதைத் தெரிந்துகொள்ள இந்த மனிதர் கட்டங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மரத்திலிருந்து கோட்டுக்கு

மோன்ட்ரியான் 1872 ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர், ஓவியம் கற்பிக்கவும் தகுதி பெற்றவர். சித்தப்பா ஃபிரிட்ஸ் ஓர் ஓவியர். எனவே தூரிகை வீட்டிலேயே இருந்தது. 1892ல் ஆம்ஸ்டர்டாமின் அரசு கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகவே படித்தார். ஆற்றங்கரை, காற்றாலை, பண்ணை வீடு என்று டச்சு ஓவியர்கள் வழக்கமாக வரைவதையெல்லாம் அவரும் வரைந்தார், அதுவும் நன்றாகவே வரைந்தார். வரையத் தெரியாததால் கோடு போட்டார் என்ற கேலி இவரிடம் எடுபடாது!

1908 வாக்கில் அவர் ஒரு மரத்தை வரையத் தொடங்கினார். நீலப் பின்னணியில் சிவந்து எரியும் மரம் அது. 1911ல் சாம்பல் நிறத்தில் இன்னொரு மரம். அதில் கிளைகள் வெறும் வளைகோடுகளாகிவிட்டன. 1912ல் பூத்த ஆப்பிள் மரம் ஒன்றை வரைந்தார். தலைப்பைப் படித்தால்தான் அது மரம் என்றே தெரியும். இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மனிதர் எதையோ ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவது புரியும். இலை போயிற்று, நிறம் போயிற்று, தண்டின் பருமன் போயிற்று. எஞ்சியவை கோடுகளும் அவற்றுக்கு இடையிலான இடைவெளிகளும்.

இடையில் நடந்தது என்ன? 1911ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு கண்காட்சியில் பிக்காசோ, பிராக் ஆகியோரின் கியூபிச ஓவியங்களை அவர் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 39. ஊரில் ஓரளவு பெயர் வாங்கிவிட்ட ஓவியர். ஆனாலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பாரிசுக்குக் கிளம்பினார். 'Mondriaan' என்ற குடும்பப் பெயரிலிருந்து ஓர் 'ஏ' எழுத்தைக்கூடக் கழித்துவிட்டார்!

போர்க்காலத்தில் பிறந்த கட்டம்

1914ல் நோயுற்ற தந்தையைப் பார்க்க நெதர்லாந்து வந்தவரால் பாரிசுக்குத் திரும்ப முடியவில்லை. முதல் உலகப்போர் வெடித்துவிட்டது. 1919 வரை சொந்த நாட்டிலேயே தங்க நேர்ந்தது. நெதர்லாந்து நடுநிலை நாடு. ஆனால் சுற்றிலும் ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் அவர் கடலையும் கடலுக்குள் நீளும் பாலத்தையும் வரைந்தார். 1915ல் முடித்த ஓவியத்தில் கடல் இல்லை, அலை இல்லை. சின்னச் சின்னக் கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும்தான் வெள்ளைப் பரப்பில் மிதக்கின்றன. கிடைக்கோடு படுத்திருப்பது, அமைதியானது. செங்குத்துக்கோடு எழுந்து நிற்பது, துடிப்பானது. உலகத்தில் உள்ள எல்லா எதிர்நிலைகளையும் இந்த இரண்டில் அடக்கிவிடலாம் என்ற எண்ணத்துக்கு அவர் வந்து சேர்ந்தார்.

இந்த எண்ணம் வெறும் வரைகலைத் தந்திரமாக அவருக்கு வரவில்லை. 1909லேயே அவர் தியாசபிகல் சொசைட்டியில், அதாவது பிரம்மஞான சபையில், உறுப்பினராகியிருந்தார். அந்தச் சபையின் உலகத் தலைமையகம் சென்னை அடையாறில் 1882 முதல் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குப் பின்னால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு உண்டு என்ற அந்தச் சபையின் நம்பிக்கை மோன்ட்ரியானிடம் ஆழமாகப் பதிந்தது. மரத்தை வரைந்தால் ஒரு மரம்தான் கிடைக்கும். எல்லா மரங்களுக்கும் அடியில் இருப்பதை வரைய வேண்டும் என்பதே அவரது ஆசை.

1917ல் தியோ வான் டூஸ்பர்க் என்ற ஓவியர் 'டி ஸ்டெயில்' என்ற இதழைத் தொடங்கினார். 'பாணி' என்பது அதன் பொருள். மோன்ட்ரியானின் நீண்ட கட்டுரைகள் அதில் தொடராக வந்தன. செங்கோணங்கள் மட்டும், மூன்று முதன்மை நிறங்கள் மட்டும், கூடவே கறுப்பு, வெள்ளை, சாம்பல். இந்தக் கொள்கைக்கு அவர் வைத்த பெயர் நியோபிளாஸ்டிசிசம்.

ஒழுங்கு வேறு, சமநிலை வேறு

பலரும் கவனிக்காத ஒரு திருப்பம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

1919ல் மோன்ட்ரியான் ஒரு சோதனை செய்தார். கேன்வாஸைக் குறுக்கே 16, நெடுக்கே 16 என்று பிரித்து 256 சம அளவுக் கட்டங்களாக்கி நிறங்களை நிரப்பினார். சதுரங்கப் பலகை போன்ற ஓவியம். எல்லாக் கட்டமும் ஒரே அளவு. யாரும் பெரியவரில்லை, யாரும் சிறியவரில்லை. கணக்குப்படி பார்த்தால் இதைவிடச் சமமான ஓவியம் இருக்க முடியாது.

ஆனால் அந்த வழியில் அவர் தொடர்ந்து போகவில்லை. ஏன்? எல்லாம் ஒரே அளவாக இருக்கும்போது அங்கே சமன் செய்வதற்கு எதுவுமே இல்லை! ஒரே எடையுள்ள இரண்டு கற்களைத் தராசின் இரண்டு தட்டிலும் வைப்பது போன்றது அது. தராசு நேராக நிற்கும், உண்மைதான். ஆனால் அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகள் இரு முனையிலும் உட்கார்ந்தால் பலகை நேராக நிற்கும். இதைத்தான் சமச்சீர் என்கிறோம். ஆனால் ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் சின்னக் குழந்தையும் உட்கார்ந்தால்? அப்பா நடுவை நோக்கி நகர்ந்து வர வேண்டும், குழந்தை முனையிலேயே இருக்க வேண்டும். அப்போதும் பலகை நேராக நிற்கும். இரண்டுமே சமநிலைதான். ஆனால் இரண்டாவதில் யாரோ இடம் கண்டுபிடித்து உட்கார வேண்டியிருக்கிறது. பலகை இப்போது சாயுமோ, பிறகு சாயுமோ என்ற ஒரு விறைப்பும் அதில் இருக்கிறது.

மோன்ட்ரியான் 1920க்குப் பிறகு தேடியது இந்த இரண்டாவது வகையை. சமமில்லாதவற்றைக் கொண்டு சமநிலை காண்பது. அவருடைய ஓவியங்களின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஒரு ஓவியத்தின் கணக்கு

உதாரணத்துக்கு, 1930ல் அவர் வரைந்து இப்போது சூரிச் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சிவப்பு, நீலம், மஞ்சள் கொண்ட அமைப்பு' என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏலத்தில் விலை போன ஓவியத்துக்கு இது நெருங்கிய உறவு. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

வலது மேல்புறத்தில் பெரிய சிவப்புச் சதுரம். ஓவியத்தின் பாதிக்கு மேல் அதுவே. சிவப்பு கண்ணை இழுக்கும் நிறம். இதை மட்டும் வைத்துவிட்டு விட்டிருந்தால் ஓவியம் வலப்பக்கம் கவிழ்ந்துவிடும். அதைத் தாங்குவது எது?

முதலில், இடது கீழ் மூலையில் ஒரு சிறிய நீலக் கட்டம். அளவில் சிவப்புக்கு அருகிலேயே வர முடியாது. ஆனால் அது நேர் எதிர் மூலையில், அதாவது சீசாவின் கடைசி முனையில், உட்கார்ந்திருக்கிறது. நீலம் அடர்த்தியான நிறம் என்பதால் கண்ணுக்குக் கனமாகவும் தெரிகிறது. குழந்தையின் வேலையை அது செய்கிறது.

அடுத்து, வலது கீழ் மூலையில் ஒரு துண்டு மஞ்சள். மூன்றிலும் மிகச் சிறியது அதுதான். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையிலான இழுபறியை வெறும் இருவர் சண்டையாக விடாமல் மூன்றாவது திசை ஒன்றைத் தருகிறது.

மூன்றாவது, வெள்ளை. வெள்ளையை நாம் காலியிடம் என்று நினைக்கிறோம். மோன்ட்ரியானுக்கு அது காலியிடம் இல்லை, சிவப்பைப் போலவே அதுவும் ஒரு பரப்பு. அசலை நேரில் பார்த்தால் தூரிகை ஓடிய தடம் அதில் தெரியும்.

நான்காவது, கறுப்புக் கோடுகள். எல்லாம் ஒரே பருமனில் இருப்பதாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. இடப்பக்கம் உள்ள ஒரு குறுங்கோடு மற்றவற்றைவிடத் தடிமனானது. வலப்பக்கச் சிவப்பின் கனத்துக்கு இடப்பக்கம் கட்டிய ஈடு என்று அதைச் சொல்லலாம்.

கடைசியாக, விளிம்பு. சிவப்புச் சதுரத்துக்கு மேலேயும் வலப்பக்கமும் எல்லைக்கோடு இல்லை. அது கேன்வாஸின் ஓரம் வரை போய் நிற்கிறது. அதனால் ஓவியம் ஒரு பெட்டிக்குள் அடைபட்டதாகத் தெரியாமல், வெளியே நீண்டுகொண்டே போகும் ஏதோ ஒன்றின் ஒரு பகுதி போலத் தெரிகிறது.

கணக்குப் பதிவு படித்தவர்களுக்கு இது பழகிய விஷயமாகவே இருக்கும். இருப்புநிலைக் குறிப்பின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பெரிய தொகை நிற்கலாம், மறுபக்கத்தில் ஐந்தாறு சிறிய தொகைகள் நிற்கலாம். வரிகள் ஒன்றுபோல் இருக்கத் தேவையில்லை, கூட்டுத்தொகை பொருந்தினால் போதும். ஒரே வேறுபாடு, கணக்கர் கூட்டிப் பார்க்கிறார். மோன்ட்ரியான் கண்ணால் எடை போட்டார்.

ஆம், கண்ணால்தான். அவர் 'பொன் விகிதம்' போன்ற கணிதச் சூத்திரத்தை வைத்து வரைந்தார் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. ஆனால் அவர் வேலை செய்த விதம் வேறு. கோட்டைச் சற்றுத் தள்ளுவார், தள்ளி நின்று பார்ப்பார், அழிப்பார், மறுபடி தள்ளுவார். உள்ளுணர்வையே அவர் நம்பினார். பாரிஸில் அவரது ஸ்டுடியோவின் சுவர்களில் நிறம் பூசிய அட்டைத் துண்டுகளை மாட்டி, அவற்றை இடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். 1930ல் அங்கே வந்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், இந்த அட்டைகள் அசைந்தால் நன்றாக இருக்குமே என்றாராம். மோன்ட்ரியான் ஒத்துக்கொள்ளவில்லை. கால்டர் திரும்பிப் போய் காற்றில் அசையும் சிற்பங்களைச் செய்து உலகப் புகழ் பெற்றது தனிக்கதை.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் இந்த ஓவியங்கள் அவருக்குப் பெரிதாகச் சோறு போடவில்லை. 1920களில் பூக்களை வரைந்து விற்று வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. பூ வரைந்தால் வாங்க ஆள் உண்டு என்று தெரிந்தும் கோடுகளை அவர் விடவில்லை.

ஒரு சாய்கோட்டால் வந்த பிரிவு

1924 முதல் வான் டூஸ்பர்க் தன் ஓவியங்களில் சாய்கோடுகளைக் கொண்டுவந்தார். செங்குத்தும் கிடையும் மட்டும் என்றால் ஓவியம் அசையாமல் உறைந்துவிடுகிறது, சாய்கோடு வந்தால்தான் வேகம் வரும் என்பது அவர் வாதம். மோன்ட்ரியானுக்கோ சாய்கோடு என்பது சமநிலையையே கைவிடுவது. இதையொட்டி இருவரும் பிரிந்தார்கள், மோன்ட்ரியான் டி ஸ்டெயில் இயக்கத்திலிருந்து விலகினார்.

ஒரு கோட்டின் சாய்வுக்காக நட்பை முறிப்பதா என்று சிரிக்கத் தோன்றும். இருவருக்கும் இடையே வேறு மனத்தாங்கல்களும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வைத்திருந்த நம்பிக்கையைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு வராது. எதிர் எதிரானவை ஒன்றையொன்று அழிக்காமல், ஒன்றையொன்று விழுங்காமல், சேர்ந்து நிற்க முடியும் என்பதை ஓவியம் காட்டிவிட்டால், ஒருநாள் வீடும் தெருவும் சமுதாயமும் அப்படியே அமையும் என்று அவர் நம்பினார். அந்த நாள் வந்துவிட்டால் ஓவியம் என்ற ஒன்றே தனியாகத் தேவைப்படாது என்று கூட எழுதினார்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மோன்ட்ரியானும் தன் சில கேன்வாஸ்களை 45 டிகிரி திருப்பிச் சாய்சதுரமாக மாட்டினார். ஆனால் உள்ளே இருக்கும் கோடுகள் செங்குத்தும் கிடையுமாகவே இருந்தன. சட்டம் சாயலாம், கோடு சாயக்கூடாது!

மறுபடியும் போர்

அவர் கனவு கண்ட சமுதாயம் வரவில்லை. வந்தது ஹிட்லர். 1937ல் மியூனிக் நகரில் நாஜிகள் 'சீர்கெட்ட கலை' என்று பெயரிட்டு நவீன ஓவியங்களைக் கேவலப்படுத்த ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் மோன்ட்ரியானின் ஓவியங்களும் வைக்கப்பட்டன.

நாஜிகளுக்கும் ஒழுங்கு பிடிக்கும் என்பதை இங்கே யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரே சீருடை, ஒரே வரிசை, ஒரே கை அசைவு. 256 சமக் கட்டங்கள்! அவர்களுக்குப் பிடிக்காதது சமமில்லாதவை சேர்ந்து நிற்கும் சமநிலை. மோன்ட்ரியான் 1919லேயே கேன்வாஸில் கண்டுகொண்ட வேறுபாடு, இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவின் வாழ்வா சாவா என்ற வேறுபாடாகிவிட்டது.

1938ல் அவர் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போனார். 1940ல் லண்டனில் குண்டுகள் விழத் தொடங்கியதும் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். அப்போது வயது 68.

அந்த வயதில் பெரும்பாலானோர் பழைய பாணியையே திரும்பச் செய்வார்கள். இவரோ கறுப்புக் கோட்டையே கைவிட்டார். இருபது ஆண்டுகளாக அவரது அடையாளமாக இருந்தது அந்தக் கோடுதான். நியூயார்க்கில் கிடைத்த வண்ணப் பசை நாடாக்களை அவர் பயன்படுத்தினார். ஒட்டலாம், பிடிக்காவிட்டால் உரித்து வேறிடத்தில் ஒட்டலாம். கண்ணால் எடை போடுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? 1942-43ல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி' ஓவியத்தில் மஞ்சள் கோடுகளின் மேல் சிவப்பும் நீலமும் சாம்பலுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள் துள்ளி ஓடுகின்றன. பூகி வூகி என்பது அவருக்குப் பிடித்த ஜாஸ் வகைப் பியானோ இசை. சமநிலை உறைந்துவிடும் என்று வான் டூஸ்பர்க் சொன்ன குறைக்கு, ஒரு சாய்கோடுகூட இல்லாமல் அவர் தந்த பதில் என்று இதைக் கொள்ளலாம். துரதிர்ஷ்டவசமாக, அதைப் பார்க்க வான் டூஸ்பர்க் இல்லை. அவர் 1931லேயே இறந்துவிட்டார்.

அடுத்த ஓவியமான 'விக்டரி பூகி வூகி'யை ஏறக்குறைய முடித்த பிறகும் நாடாத் துண்டுகளை ஒட்டி மறுபடி மாற்றத் தொடங்கினார். அது முடியவே இல்லை. 1944 பிப்ரவரி 1 அன்று நிமோனியாவால் இறந்தார். போரின் முடிவை அவர் பார்க்கவில்லை.

தலைகீழ் ஓவியம் சொல்லும் பதில்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். டுசெல்டார்ஃபில் இருக்கும் 'நியூயார்க் சிட்டி 1' என்ற ஓவியம், 1941ல் பசை நாடாக்களால் ஆக்கப்பட்டு முடிக்கப்படாமல் விடப்பட்டது. அதில் ஓர் ஓரத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. அந்த ஓரம் இப்போது கீழே இருக்கிறது. ஆனால் ஓவியர் இறந்த 1944ல் அவரது ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படத்தில் அந்த ஓரம் மேலே இருக்கிறது. இதே அளவில் அவர் முடித்த ஜோடி ஓவியம் பாரிஸின் பாம்பிடு மையத்தில் உள்ளது. அதிலும் நெருக்கமான கோடுகள் மேலேதான். தவறு தெரிந்த பிறகும் அருங்காட்சியகம் ஓவியத்தைத் திருப்பவில்லை. நாடாக்கள் பழசாகிவிட்டன, திருப்பினால் உதிர்ந்துவிடலாம்.

இது மோன்ட்ரியானின் தோல்வியா? முழுவதுமாக அப்படிச் சொல்ல முடியாது. அவர் ஓவியத்தில் தரை இல்லை, வானம் இல்லை. எதுவும் எதன் மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. நல்ல முறையில் சமன் செய்த ஒன்றைத் திருப்பினாலும் அது உடனே சரிந்து விழாது என்பதே உண்மை.

அதற்காக எப்படி வைத்தாலும் ஒன்றுதான் என்றும் ஆகிவிடாது. கிறிஸ் மெக்மேனஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1993ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மோன்ட்ரியானின் ஓவியங்களையும், அவற்றில் கோடுகளைச் சற்று நகர்த்திய போலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் பாதிக்குப் பாதி அமைய வேண்டும். ஆனால் மக்கள் அசலைத் தேர்ந்தெடுத்தது அதைவிடச் சற்று அதிகம். 'சற்று' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். மாயமும் இல்லை, வெறும் ஏமாற்றும் இல்லை. கண் எதையோ எடை போடுகிறது, அந்த எடையை அவர் பெரும்பாலோரைவிட நுணுக்கமாக அறிந்திருந்தார்.

ஆகவே தம்பி ஸ்கேல் வைத்துக் கோடு போடுவான், அதில் சந்தேகமில்லை. அந்தக் கோட்டை எங்கே நிறுத்துவது, சிவப்பு இவ்வளவு பெரிதானால் நீலம் எவ்வளவு சிறிதாகலாம் என்பதைத் தேடத்தான் ஒருவருக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அவருடைய கட்டங்கள் பிறகு எங்கெல்லாமோ போய்விட்டன. 1965ல் இவ் செயின்ட் லோரான் அவற்றை ஆடையாக்கினார். முடியாத அந்த 'விக்டரி பூகி வூகி'யை 1990களின் பிற்பகுதியில் நெதர்லாந்து சுமார் 8 கோடி கில்டர் கொடுத்து வாங்க, மக்கள் பணத்தை இப்படிச் செலவிடலாமா என்று அங்கே பெரிய விவாதமே நடந்தது. பூ வரைந்து பிழைத்த மனிதரின் ஓவியம்!

விலை ஏறும், இறங்கும். ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. எல்லோரையும் ஒரே அளவாக வெட்டி வரிசையில் நிறுத்துவது சுலபம். பெரியதைப் பெரியதாகவும் சிறியதைச் சிறியதாகவும் விட்டுவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி இடம் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு உலகப்போர்களுக்கு இடையே ஒருவர் அதைக் கேன்வாஸில் செய்து காட்டினார். கேன்வாஸுக்கு வெளியே அதைச் செய்யும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.